பிப் போட்டதும் தமிழ் எங்கே போகிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. வீட்டுக் கணக்கு எழுத பைத்தானில் ஒரு சின்னக் கட்டளைவரி நிரல் செய்திருக்கிறீர்கள். உட்கார்ந்து அதன் செய்திகளை எல்லாம் தமிழாக்கியும் விட்டீர்கள். உங்கள் கணினியில் ஒழுங்காகத் தமிழ் பேசும் நிரல், வீல் (நிறுவத் தயாரான பொதி) கட்டி நண்பரின் கணினியில் பிப் (பைத்தான் பொதிகளை நிறுவும் கருவி) மூலம் நிறுவியதும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறது. அதனால், 'எம்ஓ கோப்பை /யுஎஸ்ஆர்/ஷேர்/லோக்கேல் ஃபோல்டரில் வைக்க செட்டப் கோப்பில் என்ன வரி எழுத வேண்டும்?' என்று கேட்டிருக்கிறீர்கள். எம்ஓ என்பது நிரல் படிக்கும் மொழிபெயர்ப்புக் கோப்பு, செட்டப் என்பது பொதி கட்டுவதற்கான அமைப்புக் கோப்பு. அந்த வரியை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் உங்கள் பிரச்சினை தீராது. நிறுவி முடிந்த பிறகு நிரல் தன் மொழிபெயர்ப்பை எங்கே போய்த் தேடும் என்பதுதான் நீங்கள் கேட்க வந்த விஷயம் என்று நினைக்கிறேன். கோப்பை வைக்கும் கருவி ஒரு இடத்தில் வைத்து, தேடும் நிரல் வேறு இடத்தில் தேடினால் இரண்டும் ஒழுங்காக வேலை செய்தும் தமிழ் வராது.

பைத்தான் பேக்கேஜ் கட்டி வெளியிடும் வேலையில் பத்துப் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். இதே குழியில் நானும் விழுந்திருக்கிறேன். கெட்டெக்ஸ்ட் (மொழிபெயர்ப்பைத் தேடித் தரும் பைத்தான் பகுதி) எப்படித் தேடுகிறது, வீலுக்குள் எது போகும் என்பதெல்லாம் நிச்சயமாகத் தெரிந்தவை. அவற்றை அப்படியே சொல்கிறேன். எம்ஓ கோப்பை கிட்டில் (மூலநிரலையும் அதன் மாற்றங்களையும் சேமித்து வைக்கும் கருவி) வைப்பதா வேண்டாமா என்பது போன்ற இடங்களில் வருவது என் விருப்பம். உங்கள் நிரலை நான் பார்க்கவில்லை. ஆகவே உங்கள் விஷயத்தில் எது பழுது என்று கடைசியில் சொல்லப்போவது ஊகம். பெயர்களை வாயில் சொல்வதுபோலத் தமிழில் எழுதியிருக்கிறேன், கோப்பில் தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்துதான்.

முதலில் தேடும் பக்கம். பைத்தானின் கெட்டெக்ஸ்ட் மாட்யூல் 2000இல் வந்த 2.0 பதிப்பிலிருந்தே கூட இருக்கிறது. அதன் தேடல் முறை க்னூ கெட்டெக்ஸ்ட்டின் மரபைப் பின்பற்றியது. அடிப்படை ஃபோல்டர் ஒன்று, அதற்குள் மொழியின் குறியீட்டில் ஒரு ஃபோல்டர், அதற்குள் எல்சி_மெசேஜஸ் என்று ஒன்று, அதற்குள் உங்கள் டொமைன் பெயரில் ஒரு எம்ஓ கோப்பு. டொமைன் என்றால் இணையதளப் பெயர் இல்லை. உங்கள் மொழிபெயர்ப்புத் தொகுதிக்கு நீங்கள் வைக்கும் பெயர், அவ்வளவுதான். எந்த மொழி என்பதை லாங்வேஜ், எல்சி_ஆல், எல்சி_மெசேஜஸ், லாங் என்ற நான்கு சூழல் மாறிகளை இதே வரிசையில் பார்த்து, முதலில் மதிப்புள்ளதை எடுத்துக்கொள்கிறது. டிஏ_ஐஎன்.யுடிஎஃப்-8 (டிஏ தமிழ், ஐஎன் இந்தியா, யுடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கம்) என்று இருந்தால் முழுப்பெயரில் தொடங்கி, வாலை ஒவ்வொன்றாக வெட்டி, கடைசியில் வெறும் டிஏ வரை வந்து தேடும். அதனால் ஃபோல்டருக்கு டிஏ என்று மட்டும் பெயர் வையுங்கள். டிஏ_ஐஎன் என்று வைத்தால் டிஏ_எல்கே என்று அமைத்திருக்கும் இலங்கைக்காரருக்கு உங்கள் தமிழ் கிடைக்காது.

சரி, அந்த அடிப்படை ஃபோல்டர் எது? குழப்பமெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் பைத்தான் சிஸ்.பேஸ்_ப்ரிஃபிக்ஸ் என்ற இடத்தை எடுத்து, அதன் கீழ் ஷேர்/லோக்கேல் என்று ஒட்டிக்கொள்ளும். டெபியன், உபுன்டு லினக்ஸில் கூடவே வரும் பைத்தானுக்கு அது /யுஎஸ்ஆர்/ஷேர்/லோக்கேல். பழைய வழிகாட்டிகள் எல்லாம் அந்த ஃபோல்டரைக் காட்டியதற்குக் காரணம் இதுதான். அந்தக் காலத்தில் நிரல்கள் பெரும்பாலும் டெப், ஆர்பிஎம் என்ற லினக்ஸ் பொதிகளாக வந்தன. நிர்வாகி உரிமையோடு நிறுவும் அந்தப் பொதிகள் கணினியில் எங்கே வேண்டுமானாலும் கோப்பை வைக்கலாம். பிப்புக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது.

இப்போது பிப் எதை நிறுவினாலும் முதலில் அதை வீலாக்கிவிட்டுத்தான் நிறுவுகிறது. செட்டப் கோப்பை நேராக ஓட்டி நிறுவும் பழைய வழி 2023இல் வந்த பிப் 23.1 பதிப்போடு போய்விட்டது. வீல் என்பது பெயர் மாற்றிய ஜிப் கோப்பு. நிறுவுவது என்றால் கிட்டத்தட்ட அதைப் பிரித்துப் போடுவது. அந்த நேரத்தில் உங்கள் நிரல்வரி ஒன்றுகூட ஓடாது, அதனால் நிறுவும்போது பிஓ-வை (நாம் மொழிபெயர்த்து எழுதும் உரைக் கோப்பு) எம்ஓ ஆக்கிக்கொள்ளலாம் என்ற யோசனையும் நடக்காது. வீல் கட்டும் கருவியான செட்டப்டூல்ஸில் டேட்டா_ஃபைல்ஸ் என்று ஒன்று உண்டு. நீங்கள் கேட்ட வரி அதுதான். ஆனால் வீலில் முழுப் பாதைக்கு இடமில்லை. ஷேர்/லோக்கேல் என்று அரைப் பாதையாகக் கொடுத்தால், நிறுவும் சூழலின் ப்ரிஃபிக்ஸுக்கு (அடி ஃபோல்டருக்கு) கீழ் போய் உட்காரும்.

அப்படியே உட்காரட்டுமே, தேடுவதும் ஷேர்/லோக்கேலில்தானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. கோப்பு கண்ணெதிரே மெய்நிகர் சூழலுக்குள் (பொதிகளை நிறுவத் தனியாக ஒதுக்கிய பைத்தான் ஃபோல்டர்) ஷேர்/லோக்கேல்/டிஏ என்று சரியான இடத்தில் இருக்கிறது, நிரலோ ஆங்கிலம் பேசுகிறது. விடை அந்த 'பேஸ்' என்ற சின்னச் சொல்லில் இருந்தது. மெய்நிகர் சூழலுக்குள் சிஸ்.ப்ரிஃபிக்ஸ் அந்தச் சூழலின் ஃபோல்டரைக் காட்டும், சிஸ்.பேஸ்_ப்ரிஃபிக்ஸ் அந்தச் சூழலைப் பெற்ற மூலப் பைத்தானைக் காட்டும். பிப் வைப்பது முன்னதில், கெட்டெக்ஸ்ட் தானாகத் தேடுவது பின்னதில். யூசர் என்ற தேர்வோடு நிறுவினால் கோப்பு வீட்டு ஃபோல்டரின் .லோக்கல் கீழே போகும், அங்கேயும் தேடல் வராது. டெபியன் 12 முதல் கணினிப் பைத்தானுக்குள் நேராக நிறுவ பிப் மறுத்துவிடுகிறது. பிப்எக்ஸ் பயன்படுத்தச் சொல்கிறார்கள். அதுவும் உள்ளுக்குள் மெய்நிகர் சூழல்தான். ஆக, இன்று பிப் வழியாக நிறுவும் யாருக்குமே இந்த வழி சரிப்படாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் எம்ஓ கோப்பைப் பைத்தான் நிரலோடு, பேக்கேஜ் ஃபோல்டருக்கு உள்ளேயே வையுங்கள். உங்கள் பேக்கேஜின் பெயர் கணக்கு என்றால், கணக்கு/லோக்கேல்/டிஏ/எல்சி_மெசேஜஸ்/கணக்கு.எம்ஓ. நிரலில், __ஃபைல்__ இருக்கும் ஃபோல்டரை எடுத்து, அதோடு லோக்கேல் சேர்த்து, கெட்டெக்ஸ்ட்.ட்ரான்ஸ்லேஷன் அழைப்பில் லோக்கேல்டிர் என்ற இடத்தில் கொடுங்கள். அப்புறம் கணினி எதுவானாலும், மெய்நிகர் சூழல் எங்கே இருந்தாலும், நிரல் போகும் இடத்துக்கு மொழிபெயர்ப்பும் கூடவே போகும். __ஃபைல்__ வேண்டாம், இம்போர்ட்லிப்.ரிசோர்சஸ் வழியே போ என்பார்கள் சிலர். ஜிப்பிலிருந்தே ஓடும் நிரல் என்றால் அது தேவைதான், ஏனென்றால் கெட்டெக்ஸ்ட்டின் தேடலுக்கு வட்டில் உண்மையான ஃபோல்டர் வேண்டும். அந்த நிலையில் எம்ஓ கோப்பை இம்போர்ட்லிப் மூலம் பைனரியாகத் திறந்து, க்னூட்ரான்ஸ்லேஷன்ஸ் என்ற வகுப்புக்கு நேரடியாகக் கொடுத்துவிடலாம். அது கோப்புப் பொருளை வாங்கிக்கொள்ளும். சாதாரணக் கட்டளைவரி நிரலுக்கு இந்தச் சுற்று தேவையில்லை.

இனி, கோப்பு வீலுக்குள் போவது. பேக்கேஜ் ஃபோல்டரில் இருக்கிறது என்பதற்காக எல்லாக் கோப்பும் தானாக வீலுக்குள் ஏறிவிடாது. செட்டப்டூல்ஸ் என்றால் பைப்ராஜெக்ட்.டாமல் என்ற அமைப்புக் கோப்பில் பேக்கேஜ்-டேட்டா பகுதியில் லோக்கேல்/*/எல்சி_மெசேஜஸ்/*.எம்ஓ என்ற வரியை எழுத வேண்டும். ஆனால் அந்த வரி ஒரு உத்தரவாதம் கிடையாது, ஒரு வடிவம் மட்டுமே. அதற்குப் பொருந்தும் கோப்பு கட்டும் நேரத்தில் இருந்தால் சேர்க்கும். ஒன்றுமே இல்லாவிட்டால் பிழை என்று நிற்காது, பேசாமல் வெறும் வீலைக் கட்டிக் கொடுத்துவிடும்.

நான் விழுந்த குழி இதுதான். கிட்ஹப்பில் புது ப்ராஜெக்ட் தொடங்கும்போது பைத்தானுக்கு என்று ஒரு கிட்இக்னோர் (கிட் சேர்க்காமல் விட வேண்டியவற்றின் பட்டியல்) மாதிரியைத் தருகிறார்கள். அதைத் திறந்து பாருங்கள், ட்ரான்ஸ்லேஷன்ஸ் என்ற குறிப்பின் கீழ் *.எம்ஓ, *.பிஓடி என்ற இரண்டு வரிகள் இருக்கும். என் மடிக்கணினியில் எம்ஓ கோப்பு எப்போதோ உருவாக்கியது கிடந்தது. அங்கிருந்து வீல் கட்டிய காலம் வரை எல்லாம் சரியாக ஓடியது. பிறகு வெளியீட்டைத் தானியங்கிச் சேவைக்கு மாற்றினேன். அங்கே ஒவ்வொரு முறையும் கிட்டிலிருந்து புதிதாக இறக்கித்தானே கட்டும்? கிட்டில் எம்ஓ இல்லை, எனவே வீலிலும் இல்லை. இரண்டு வெளியீடுகள் இப்படியே போயின. தமிழில் பயன்படுத்திக்கொண்டிருந்த ஒருவர் 'தமிழை எடுத்துவிட்டீர்களா?' என்று வருத்தத்தோடு எழுதியபோதுதான் எனக்கே தெரிந்தது.

கட்டும் கருவி ஹேட்ச்லிங் என்றால் இதே குழி இன்னும் ஆழம். அது கிட்இக்னோரைப் படித்து, அதில் உள்ளவற்றை வட்டில் இருந்தாலும் விட்டுவிடும். ஆர்டிஃபாக்ட்ஸ் என்ற அமைப்பில் *.எம்ஓ என்று கொடுத்தால்தான் திரும்பச் சேர்க்கும். போயட்ரி என்ற கட்டும் கருவியும் அப்படித்தான், இன்க்ளூட் என்ற பட்டியலில் எழுத வேண்டும். கூடவே எஸ்டிஸ்ட் (மூலநிரல் பொதி), வீல் இரண்டுக்கும் என்று வடிவத்தைச் சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் புதிய பதிப்புகளில் எஸ்டிஸ்டோடு நின்றுவிடும். இன்னொன்று, பில்ட் என்ற கருவியை வெறுமனே ஓட்டினால் அது முதலில் எஸ்டிஸ்ட் கட்டி, அந்த எஸ்டிஸ்டைப் பிரித்து, அதிலிருந்துதான் வீலைக் கட்டும். எஸ்டிஸ்டில் விடுபட்டது வீலிலும் விடுபடும்.

அப்படியானால் எம்ஓ கோப்பை கிட்டிலேயே வைத்துவிடலாமே? இது விருப்பம் சார்ந்தது. பிஓ மனிதர் படிக்க, எம்ஓ எந்திரம் படிக்க. எந்திரம் உருவாக்கும் கோப்பைக் கிட்டில் வைக்கக் கூடாது என்பது பொது மரபு. ஒவ்வொரு திருத்தத்துக்கும் பைனரி கோப்பு மாறும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொட்டால் இணைக்க முடியாது. ஆனால் ஜாங்கோ என்ற வலைச் சட்டகம் போன்ற பெரிய திட்டமே எம்ஓ கோப்புகளைக் கிட்டில் வைத்திருக்கிறது. உங்களைப் போல ஒற்றை ஆள், ஒற்றை மொழி என்றால் நான் வைத்துவிடவே சொல்வேன். கிட்இக்னோரில் அந்த ஒரு வரியை அழித்தால் பாதித் தலைவலி போய்விடும். மொழிகள் பெருகி, மொழிபெயர்ப்பாளர்கள் பலர் சேர்ந்த பிறகு, கட்டும் நேரத்தில் உருவாக்கும் வழிக்கு மாறுங்கள். அதற்கு வெளியீட்டு ஸ்கிரிப்ட்டில் பில்ட் ஓடுவதற்கு முந்தைய வரியில் பைபேபல் கம்பைல் (பிஓ-வை எம்ஓ ஆக்கும் பேபல் கருவியின் கட்டளை) என்று ஓட்டுவது போதும். செட்டப்டூல்ஸின் கட்டளைகளை நீட்டி அதற்குள்ளேயே புகுத்தும் வழியும் உண்டு. அழகாக இருக்கும், ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எழுதியவருக்கே புரியாது. அதே வேலையைச் செய்யும் க்னூவின் எம்எஸ்ஜிஎஃப்எம்டி விண்டோஸில் தனியாக நிறுவ வேண்டிய சமாச்சாரம் என்பதால் பைத்தான்காரர்களுக்கு பேபலைத்தான் சொல்வேன். பிப்பிலேயே கிடைக்கும். ஒரே கவனம், அது டொமைன் பெயரைச் சொல்லாவிட்டால் மெசேஜஸ் என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் டொமைன் கணக்கு என்றால் அந்தப் பெயரைக் கொடுத்தே ஓட்டுங்கள்.

தமிழுக்கென்று இரண்டு இடறல்கள் உண்டு. பிஓ கோப்பின் தலைப்பகுதியில் கேரக்டர்செட் யுடிஎஃப்-8 என்ற குறிப்பு விடுபட்டால், பைத்தான் அதை ஆஸ்கி என்று நினைத்துப் படிக்கும். ஆங்கிலச் சாயலுள்ள மொழிக்காரர் இதைக் கவனிக்காமலே பல நாள் ஓட்டிவிடலாம், நமக்கு முதல் எழுத்திலேயே யூனிகோட் பிழை வந்து நிற்கும். இரண்டாவது, ஃபஸ்ஸி என்ற குறி. மூலச் செய்தி மாறும்போது பழைய மொழிபெயர்ப்பை ஒட்டி, சரிபாருங்கள் என்று கருவி போடும் குறி அது. குறியை எடுக்காத வரை அந்தச் செய்தி எம்ஓ-வுக்குள் போகாது. அதைவிட மோசம், பிஓடி என்ற வெற்று வார்ப்புருக் கோப்பை அப்படியே நகல் எடுத்துப் பிஓ ஆக்கியவர்களுக்கு நேர்வது: தலைப்பகுதியிலேயே ஃபஸ்ஸி குறி இருக்கும், பேபல் முழுக் கோப்பையும் தாண்டிப் போய்விடும். திரையில் ஒரு வரி எச்சரிக்கை வரும், அதை யார் படிக்கிறார்கள்?

இவ்வளவு பிழைகள் இருந்தும் ஏன் யாருக்கும் தெரிவதில்லை என்றால், ஃபால்பேக் (மொழிபெயர்ப்பு கிடைக்காவிட்டால் மூலச் செய்தியையே காட்டு என்ற தேர்வு) என்பதை ட்ரூ என்று வைத்துவிடுகிறோம். வைக்கத்தான் வேண்டும், பிரெஞ்சுக்காரர் கணினியில் நிரல் உடைந்து விழக் கூடாது அல்லவா. ஆனால் அதே வசதி, தமிழ் கோப்பு தொலைந்ததையும் மூடி மறைத்துவிடுகிறது. அதனால் என் சோதனைகளில் ஒன்று இப்படி இருக்கும்: மொழி டிஏ, ஃபால்பேக் ஃபால்ஸ் என்று கொடுத்து மொழிபெயர்ப்பைத் திற. கோப்பு இல்லாவிட்டால் பைத்தான் பிழை எறியும், வெளியீடு நிற்கும். இந்தச் சோதனையை மூல ஃபோல்டரில் ஓட்டிப் பயனில்லை. வீலைப் புதிய மெய்நிகர் சூழலில் நிறுவி, வேறு ஃபோல்டருக்குப் போய், அங்கிருந்து ஓட்ட வேண்டும். மூல ஃபோல்டரில் நின்றுகொண்டு ஓட்டினால் நிறுவிய நிரலுக்குப் பதில் பக்கத்தில் கிடக்கும் நிரலையே பைத்தான் எடுத்துவிடக்கூடும். எடிட்டபிள் முறையில் நிறுவினாலும் அதே மூல ஃபோல்டர்தான் படிக்கப்படும். 'என் கணினியில் தமிழ் வருகிறதே' என்பதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

கையால் பார்க்க, லாங்வேஜ்=டிஏ என்று முன்னால் போட்டு நிரலை ஓட்டினால் போதும். சி மொழியின் கெட்டெக்ஸ்ட்டுக்குக் கணினியில் முறையான லோக்கேல் அமைந்திருக்க வேண்டும், பைத்தானுடையது சூழல் மாறியை மட்டும் படிப்பதால் அந்தத் தொல்லை இல்லை. இந்த வேறுபாடு இன்னொரு இடத்தில் கடிக்கும். ஜிடிகே என்ற வரைகலைக் கருவித்தொகுப்பின் சாளரங்களை எக்ஸ்எம்எல் கோப்பில் வரைந்து பைத்தானில் திறப்பவர்களுக்கு, அந்தச் சாளரத்தின் சொற்களை மொழிபெயர்ப்பது சி பக்கத்துக் கெட்டெக்ஸ்ட். அவர்கள் லோக்கேல் மாட்யூலின் பைண்ட்டெக்ஸ்ட்டொமைனையும் தனியே அழைக்க வேண்டும். உங்களுக்கு இது இப்போது வேண்டாம்.

விண்டோஸ் பற்றி ஒரு வார்த்தை. நண்பரின் கணினி விண்டோஸ் என்றால், மேலே சொன்ன நான்கு சூழல் மாறிகளும் அங்கே பொதுவாக அமைந்திருக்காது. விண்டோஸைத் தமிழில் வைத்திருந்தாலும் கெட்டெக்ஸ்ட் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாது. நிரலிலேயே மொழி என்று ஒரு தேர்வு வைத்து, அதை லாங்வேஜஸ் என்ற பட்டியலாக ட்ரான்ஸ்லேஷன் அழைப்புக்குக் கொடுத்துவிடுங்கள். சென்னையில் உட்கார்ந்து ஆங்கில விண்டோஸ் வைத்திருப்பவரும் தமிழில் கணக்கு எழுத விரும்பலாம். அவருக்கும் அது உதவும்.

இனி என் ஊகம். முதல் சந்தேகம், வீலில் எம்ஓ கோப்பே இல்லை. பத்தில் எட்டு முறை இதுதான் காரணமாக இருக்கப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, கோப்பு இருக்கிறது, நிரல் லோக்கேல்டிர் கொடுக்காமல் பேஸ்_ப்ரிஃபிக்ஸில் தேடுகிறது. மூன்றாவது, நண்பர் விண்டோஸ். வீல் ஜிப்தான் என்பதால் முதலாவதை உடனே பார்த்துவிடலாம்: பைத்தானோடு வரும் ஜிப்ஃபைல் மாட்யூலை -எம் போட்டு ஓட்டி, -எல் என்று கொடுத்து, வீலின் பெயரைக் கொடுங்கள். உள்ளே இருக்கும் கோப்புகளின் பட்டியல் வரும். அதில் எம்ஓ இருந்தால், நண்பர் கணினியில் கெட்டெக்ஸ்ட்.ஃபைண்ட் அழைப்புக்கு உங்கள் டொமைன், நீங்கள் நிரலில் கொடுக்கும் அதே ஃபோல்டர், டிஏ மட்டும் உள்ள ஒரு பட்டியல் மூன்றையும் கொடுத்துப் பாருங்கள். பாதை வந்தால் கோப்பு கிடைக்கிறது, மொழியைத் தேர்ந்தெடுப்பதில்தான் கோளாறு. நன் (ஒன்றுமில்லை என்பதற்கான பைத்தான் மதிப்பு) என்று வந்தால் ஃபோல்டர் பிசகு. இரண்டில் எது வந்தது என்று எழுதுங்கள், அங்கிருந்து பார்ப்போம்.